ஒன்பதாம் நம்பர் மலையில் கட்டிய துணி

குணமணி கொலைகாரியாம். இப்படிச் சொன்ன வாய்களில் பாதிக்கு நான் ஒரு காலத்தில் பால்மா கரைத்து ஊற்றியிருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நான்தான் ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போனால், அவர்கள் திரும்பும்வரை பிள்ளைகள் என் பொறுப்பு. யார் எத்தனை வயதுவரை பாயை நனைத்தார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும். அந்த வாய்கள் ஒரே நாளில் ஒருத்தியைக் கொலைகாரி ஆக்கிவிட்டன. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒவ்வொருத்தரையும் இழுத்து வைத்து நாலு சாத்து சாத்தியிருப்பேன்.

நடந்ததைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒன்பதாம் நம்பர் மலையில் குளவி கலைந்தது. பன்னிரண்டு பெண்கள் அங்கே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு பேர் கூடையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடித் தப்பினார்கள். ஆர்த்திகா ஓடும்போது சேலை நனையாமல் இடுப்பில் கட்டியிருந்த படங்கு காலில் சுற்றி, மழைத்தண்ணி ஓட வெட்டிய மேல் கானுக்குள் விழுந்தாள். குளவி மொத்தமும் அவள்மேல் இறங்கியது. கொழுந்து லொறியில் ஏற்றி, அந்தப் பாழாய்ப்போன மடுல்சீமை ரோட்டில் குலுக்கிக் குலுக்கி பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. இருபத்தாறு வயது. அவளுடைய இரண்டு வயது மகள் அந்த நேரத்தில் என் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

ஆர்த்திகாவின் புருஷன் கிஷாந்தன், தேயிலை ஃபக்டரியில் வேலை செய்கிறவன். கிஷாந்தனின் அக்காதான் குணமணி. பத்து வயதில் தாயைப் பறிகொடுத்த தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். ஆர்த்திகாவைப் பெண் பார்த்துக் கட்டி வைத்தவளும் அவள்தான்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மலையில் குளவிக்கூட்டை யார் கண்டாலும், அந்த இடத்துக்கு ஏறுகிற வழியில் ஒரு கம்பை நட்டு அதில் சிவப்புத் துணி கட்டவேண்டும். ஆட்களை வேலை வாங்குகிற கங்காணியிடம் சொல்லவேண்டும். கூட்டை எரிக்கும்வரை அந்த மலையில் ஒரு ஆளும் இறங்காது. துரைமார் போட்ட சட்டம் இல்லை இது. செத்தவர்களைத் தூக்கித் தூக்கி நாங்களே வைத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரி வாசலில் குணமணி மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள். "நேத்துப் பொழுது சாயக்குள்ள வெறகுக்குப் போனப்பதான் கூட்டைக் கண்டேன். தலைத்துணியை அவுத்துக் கட்டிட்டு வந்தேனே! கங்காணிகிட்ட சொன்னேனே!"

அதோடு அவள் கதை முடிந்தது. ரஜீவ் கங்காணி, தன்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றான். தப்பி வந்த பெண்கள், மலையில் துணியே இல்லை என்றார்கள். குணமணிக்கு அன்றைக்கு நாற்று மேடையில் வேலை, அவள் அந்தப் பக்கமே வரவில்லை. ஊர் கணக்குப் போட்டுவிட்டது. கூட்டைக் கண்டவள் அவள், துணி கட்ட மறந்தவள் அவள், சாவு விழுந்ததும் பொய் சொல்கிறவள் அவள். வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் கூட்டைக் கண்டது அவள் என்று ஒரு ஜீவனுக்கும் தெரிந்திருக்காது. உண்மையைச் சொல்லப்போய் மாட்டிக்கொண்டாள்.

கணக்கப்பிள்ளை இரகுநாதன் ஐயா புதன்கிழமையே கடிதம் அடித்துக் கையில் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை பத்து மணிக்கு ஆபீஸில் விசாரணை. குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் வேலை போகும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். குணமணி அந்தக் கடிதத்தை மடித்து அரிசி டின்னுக்குமேல் வைத்துவிட்டு, திரும்பியும் பார்க்கவில்லை. அவளைத் தின்றது வேறு. வியாழக்கிழமை சாவு வீட்டில் வாய்க்கரிசி போட அவள் கிட்டே வந்தபோது, கிஷாந்தன் அவள் கையைத் தட்டிவிட்டான். அரிசி சிதறியது.

"தொடாத! நீ கொன்ன புள்ள அது. எம் மகளையும் இனிமே தொடாத!"

இருநூறு பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு வாய் திறக்கவில்லை. என் வாயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நானும் பெரிய யோக்கியம் இல்லை. மறந்திருப்பாளோ என்று எனக்குள்ளும் ஒரு எண்ணம் ஓடியது.

சவத்தைப் புதைத்துவிட்டு வந்த கையோடு அவள் காம்பராவுக்குப் போனேன். அடுப்பு மூட்டாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"எந்தத் துணி கட்டுன?" என்று கேட்டேன்.

"நீங்க குடுத்த துணிதாங்கக்கா. வாத்துப் படம் போட்டது."

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. பிள்ளைக்காம்பராவுக்கு யாரோ ஒரு சங்கத்தார் ஜன்னல் சீலை தந்திருந்தார்கள். சிவப்பில் மஞ்சள் வாத்து. நைந்துபோன பிறகு அதில் ஒரே ஒரு துண்டுதான் உருப்படியாகத் தேறியது. அதை நான்தான் பச்சை நூலால் ஓரம் அடித்து, கூடைக்கயிறு தலையில் அறுக்காமல் இருக்க வைத்துக்கொள் என்று குணமணிக்குக் கொடுத்தேன். ஒன்றரை வருஷமாக அது அவள் தலையை விட்டு இறங்கியது கிடையாது. இப்போது அவள் தலை வெறுமையாக இருந்தது. அப்படியானால் அந்தத் துணி எங்கே?

நேரே ஒன்பதாம் நம்பர் மலைக்கு நடந்தேன். குளவிக்கூட்டைப் புதன்கிழமையே எரித்துவிட்டிருந்தார்கள், சவுக்கு மரம் பாதி கருகி நின்றது. ஏறுகிற வழியில், குணமணி சொன்ன இடத்தில் குனிந்து மண்ணைத் தடவிப் பார்த்தேன். ஓரிடத்தில் மண் பொதுபொதுவென்று இருந்தது. கையை விட்டால் ஒரு சாண் இறங்கியது. மேலே செருப்புக் குதிகாலால் அழுத்தி மூடிய தடம். பத்தடி தள்ளிக் கானுக்குள் கம்பு கிடந்தது, அடிப்பக்கம் ஒரு சாண் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. காற்று கம்பைச் சாய்க்கும். பிடுங்கிக் கானுக்குள் எறிந்து, குழியையும் காலால் மூடிவிட்டா போகும்?

எவனோ ஒருத்தன் எடுத்திருக்கிறான். தெரிந்தே எடுத்திருக்கிறான்.  

லயத்துக்கு வந்து, தப்பி வந்த பெண்களில் ஒருத்தியைத் தண்ணி பிடிக்கிற பீலியில் மடக்கினேன். செவ்வாய்க்கிழமை மலைக்கு முதலில் போனது யார் என்று கேட்டேன்.

"நாங்க போகக்குள்ளயே கங்காணி அங்கதான் நின்னாரு. அன்னைக்குப் பெரட்டுக்குக்கூட வரல. கணக்கப்பிள்ளை ஐயாதான் பேர் கூப்பிட்டாரு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வெள்ளைக்காரப் பார்ட்டி வர்றதா இருந்துச்சுல்ல. தோட்டத்துக்கு என்னமோ சான்றிதழ் குடுக்கிறவங்க. ரோட்டுக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சாங்க. ஒம்பதாம் நம்பர்தானே ரோட்டைப் பாத்த மலை. அக்கா, எம் பேரை மட்டும் இழுத்துடாதீங்க."

வெள்ளிக்கிழமை காலை அந்தக் கம்பைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். இரகுநாதன் ஐயா மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"புள்ளைகளுக்குக் கழுவி முடிஞ்சுதா ஆயா? இப்ப பொலிஸ் வேலையும் எடுத்தாச்சா?"

"கம்பை யாரோ புடுங்கி எறிஞ்சிருக்காங்க ஐயா."

"மலையில கம்பு கெடக்காம கரும்பா கெடக்கும்? துணி கட்டினேன்னுதானே சொல்றா? அந்தத் துணியக் காட்டு. காட்டிட்டுப் பேசு."

சுற்றி நின்ற நாலு பேர் பல்லைக் காட்டினார்கள். கம்பை அங்கேயே எறிந்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் அந்த மனுஷனை வாயில் வந்தபடி திட்டினேன். திட்டி முடித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்த ஆள் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

துணியை எடுத்தவன் துரையாக இருந்தால் கம்போடு சேர்த்துக் கானுக்குள் எறிந்திருப்பான். ஆனால் கானில் கம்பு மட்டும்தான் கிடந்தது. அப்படியென்றால் எடுத்தவன் எங்கள் ஆள். எங்கள் ஆட்களில் எவனும் ஒரு முழம் நல்ல துணியை எறியமாட்டான். உரச் சாக்கைப் பிரித்த நூலைக்கூடப் பந்தாகச் சுற்றி வைக்கிற ஜனம் நாங்கள். பழைய சேலை பிள்ளை தூங்க ஏணையாகும், ஏணை பிய்ந்தால் கரித்துணியாகும், கரித்துணி திரியாகும். அந்த வாத்துத் துணி இந்த நேரம் எங்கோ ஒரு வேலை செய்துகொண்டிருக்கும். அது மட்டும் எனக்கு நிச்சயம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை நான் செய்த வேலையைப் பார்த்து லயமே சிரித்தது. பிள்ளைகளை உதவிக்கு வருகிறவளிடம் விட்டுவிட்டு, கொடிக்கயிறு கொடிக்கயிறாகப் போனேன். ஏணைகளை எட்டிப் பார்த்தேன். கோழிக்கூட்டு ஓட்டைகளைப் பார்த்தேன். ரஜீவ் கங்காணி வீட்டுப் பின்பக்கம் மாட்டுக் கயிற்றைக்கூடத் தடவிப் பார்த்தேன். "சுலோஜனாவுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். போடி உன் வேலையைப் பார்த்துக்கொண்டு என்றுவிட்டு நடந்தேன்.

பிள்ளைக்காம்பராவில் சீனி முடிந்திருந்தது. சந்தியில் புஹாரி நானாவின் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். சீனி நிறுத்துக்கொண்டிருந்தவருக்குப் பின்னால், ஆணியில் ஒரு பால் டின் தொங்கியது. அதன் பக்கத்து ஆணியில், கழுவிக் காயப்போட்டபடி, சிவப்பில் மஞ்சள் வாத்து. ஓரத்தில் என் பச்சை நூல்.

"நானா, அந்தத் துணி யாரோடது?" என்று கேட்டேன்.

"அதா? ரஜீவ் கங்காணிட. பால் கொண்டு வாற டின்ட மூடி லூஸு. செவ்வாக்கிழம அதச் சுத்திக் கட்டித்தான் கொண்டு வந்தாரு. கழுவிப் போட்டன், அந்த மனிசன் கொண்டு போகவே மறந்திட்டாரு போல."

"செவ்வாக்கிழமை எத்தனை மணிக்கு?"

"சுபஹு தொழுதிட்டு வந்து கட தொறந்த கையோட. ஆறு மணி இரிக்கும். ஏன் தங்கச்சி, என்ன நடந்த?"

எல்லாவற்றையும் சொன்னேன். தராசை அப்படியே வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு ஆபீஸுக்கு வந்து இதச் சொல்வீங்களா நானா?"

அவர் கண் ஆபீஸ் ரோட்டுப் பக்கம் போனது. தோட்டத்து ஆபீஸுக்குத் தேத்தண்ணி போவது அவர் கடையிலிருந்துதான். அதைத்தான் யோசிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததால் இன்னும் எரிச்சல் வந்தது.

"நம்மட மகளா இருந்தா வாய மூடிட்டு இரிப்பனா?" என்று கடைசியில் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். "வாறன் தங்கச்சி. துணிய நீங்களே கொண்டு போங்க."

ரஜீவ் கங்காணி மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான். என் வயதுக்காரன், என் லயத்தில் பிறந்தவன். அவன் பெஞ்சாதிக்கு நான் பிரசவம் பார்த்திருக்கிறேன். ஒன்றும் பேசாமல் துணியை விரித்துக் காட்டினேன். புல்லுக்கட்டு கையிலிருந்து நழுவியது.

"குணமணி சொன்னாளா இல்லையா உங்கிட்ட?"

"சொன்னா."

"அப்புறம் எதுக்குய்யா எடுத்த?"

"ஐயா சொன்னாரு சுலோஜனா. பார்ட்டி வர்ற ரோட்டுல செவப்புத் துணி தெரிஞ்சா என்னன்னு கேப்பாங்க, சான்றிதழ் போயிரும், எடுத்துருன்னாரு. கூட்டைப் பொறவு எரிச்சிக்கலாம்னாரு. நான் பொம்பளைங்கள கீழ்ப்பக்கம் மட்டுந்தான் விட்டேன். எட்டே முக்காலுக்குப் பொறவு போன் எடுத்து, ஆள மேல ஏத்து, மேல வரிசையா நின்னாத்தான் போட்டோவுக்கு நல்லா இருக்கும்னு சொன்னாரு."

"நீ ஏத்துன."

தலையைக் குனிந்துகொண்டான்.

"மேல குளவி இருக்குன்னு அதுங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா யாரும் ஏற மாட்டாங்களே."

செருப்பைக் கழற்றினேன். இரண்டு அடி விழுந்தது. அவன் கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை. அதைப் பார்த்து மூன்றாவது அடிக்கு என் கை எழவில்லை.

"கம்பை எறிஞ்சியே, இதையும் எறிஞ்சிருந்தா நீ தப்பிச்சிருப்பியேடா பாவி!"

"நல்ல துணி. எறிய மனசு வரல" என்றான்.

ஒரு துணியை எறிய மனசு வராதவன், ஒரு பெண்ணை மேலே ஏற்றிவிட்டிருக்கிறான். நாளைக்கு ஆபீஸில் வந்து உன் வாயால் இதைச் சொல்லு, இல்லையென்றால் உன் வீட்டு வாசலில் நின்று லயம் முழுக்கக் கேட்கச் சொல்லுவேன் என்றுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை பத்து மணி. தோட்டத்து உதவி மேனேஜர், எங்களுக்குச் சின்ன துரை, நாற்காலியில்; பக்கத்தில் இரகுநாதன் ஐயா. நான் உள்ளே நுழைந்தபோது குணமணி கையில் பேனா இருந்தது.

"கையெழுத்து வெச்சா பொலிஸுக்குப் போகாம முடிச்சிருவாங்களாம்க்கா" என்றாள். "எந் தம்பியே நம்பல. நான் யாருக்காகச் சண்டை புடிக்க?"

அந்தக் கடதாசியை அவள் கைக்குக் கீழிருந்து இழுத்துக் கிழித்தேன். "ஏய்!" என்று இரகுநாதன் எழுந்தார். துணியை மேசைமேல் போட்டேன்.

"கேட்டீங்களே ஐயா, துணி எங்கன்னு. இதோ இருக்கு!"

புஹாரி நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, செவ்வாய்க்கிழமை ஆறு மணிக் கதையைச் சொன்னார். ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அடுத்து ரஜீவ் வந்தான். இரவெல்லாம் தூங்காத முகம். சொன்னான். தன்மேல் பழி வரும் இடத்தையும் விடாமல் சொன்னான்.

"பொய்!" என்றார் இரகுநாதன். "நான் ஆள மேல ஏத்தச் சொல்லவே இல்ல."

ரஜீவ் தன் போனை எடுத்து மேசையில் வைத்தான். "எட்டு அம்பதுக்கு நீங்கதானே எனக்குப் போன் எடுத்தீங்க ஐயா? இந்தா நம்பர் இருக்கு. அந்த நேரம் வேற என்ன பேசினீங்க, சொல்லுங்க."

இரகுநாதன் போனைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே அந்தப் பதினொரு பெண்களும் வந்து நின்றிருந்தார்கள். மலைக்குப் போகவில்லை. என்னை இழுத்துவிடாதே என்று கெஞ்சினவள் முன்னால் நின்றாள். சின்ன துரை போனை எடுத்து நம்பரைப் பார்த்தார். குணமணிமேல் இருந்த குற்றம் தள்ளுபடி என்றார். ரஜீவை வேலையிலிருந்து நிறுத்தியாச்சு என்றார்.

"இவருக்கு?" என்று இரகுநாதனைக் காட்டிக் கேட்டேன்.

"அது கொழும்பு ஹெட் ஒஃபீஸ் பாக்கும்."

பார்க்கும். நன்றாகப் பார்க்கும். அவர்கள் பார்க்கும்வரை கைகட்டி இருக்க நாங்கள் தயாராக இல்லை. அன்றைக்கே பதினாலு பேர் பஸ் பிடித்துப் பொலிஸில் போய் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தோம். அந்த ஆள் இன்னமும் அதே மோட்டார் சைக்கிளில்தான் போகிறார், ஆனால் எங்கள் லயத்து வழியாகப் போவதில்லை.

பொலிஸிலிருந்து நாங்கள் திரும்பும்போது சாயந்தரம் நாலு மணி, மழை தூறிக்கொண்டிருந்தது. குணமணியின் காம்பரா வாசலில் கிஷாந்தன் மகளைத் தோளில் போட்டபடி நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ, சட்டை நனைந்திருந்தது. லயத்து வாசல் ஒவ்வொன்றிலும் தலை. வியாழக்கிழமை வாய் திறக்காத அதே தலைகள்.

"அக்கா" என்றான். "மன்னிச்சிருக்கா. எனக்குத் தெரியாமப் போச்சு."

குணமணி அவனைப் பார்க்கவில்லை. கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினாள். பிள்ளை அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அதன் ஈரத் தலையை முந்தானையால் துடைத்துவிட்ட பிறகுதான் தம்பியிடம் திரும்பினாள்.

"கங்காணி சொன்னான், நம்புன. கணக்கப்பிள்ளை சொன்னாரு, நம்புன. இன்னைக்குக் கடைக்கார நானா சொன்னதையும் நம்பிட்டுத்தானே இங்க வந்து நிக்கிற? நாலு நாளா நான் தொண்டை கிழியக் கத்தினேனே கிஷாந்தா. நான் சொன்னத மட்டும் ஏன்டா நம்பல?"

அவன் மழையில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அழட்டும் என்று இருந்தது எனக்கு. குறுக்கே போய்ச் சமாதானம் சொல்லலாம் என்று ஒரு கால் எடுத்து வைத்தேன். மறந்திருப்பாளோ என்று நினைத்தவள்தானே நானும், அதனால் நின்றுவிட்டேன்.

"பிள்ளைக்குச் சோறு ஊட்டித் தர்றேன்" என்றாள் குணமணி. "உனக்கு இன்னைக்கு எங்கிட்ட சோறு இல்ல. வெளிய இரு."

பிள்ளையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.